பன்னெண்டு குத்திய பச்சை முத்திரை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பன்னெண்டு. அது அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதல் வாரமே தெரியும். வீடியோ கேம்களுக்கு வயது முத்திரை போடும் அலுவலகம் அது. பச்சை என்றால் எல்லோரும் ஆடலாம். நீலம் ஏழு வயதுக்கு மேல். மஞ்சள் பன்னிரண்டுக்கு மேல். சிவப்பு பெரியவர்களுக்கு மட்டும். துளி சந்தேகம் வந்தாலும் போதும், மஞ்சளை எடுத்துக் குத்திவிடுவாள். பூனைக்குட்டி பலூன் உடைக்கும் ஆட்டம் ஒன்றுக்குக்கூட மஞ்சள்தான். ஏன் என்று கேட்டதற்கு, "பலூன் உடையறப்ப அந்தப் பூனை சிரிக்கிற சிரிப்பு சரியில்ல" என்றாள். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

"நாள் முழுக்க விளையாடறதா உங்க வேலை" என்று கேட்காத உறவினர் இல்லை. ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கீழே கண் மருத்துவமனை, மாடிப்படி முழுக்கச் சொட்டு மருந்து வாடை. மேலே திரை இறக்கிய ஓர் அறை, மூன்று நாற்காலிகள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தாள், தாளில் பதினோரு கேள்விகள். ரத்தம் தெரிகிறதா, எத்தனை முறை. அடிபட்ட உடல் தரையில் கிடக்கிறதா, மறைந்துவிடுகிறதா. வசைச்சொல் உண்டா. சூதாட்டம் உண்டா. திடுக்கிட வைக்கும் சத்தம் உண்டா. பன்னெண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். காதில் பென்சில் செருகியிருக்கும். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தித் தாளில் ஒரு கோடு. பதினெட்டு வருடம் பொத்தானை அமுக்கி அமுக்கி அவளுடைய வலது கட்டைவிரல் குளிர் வந்தால் குடைந்து வலிக்கும்.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. தினமும் காலையில் யாரும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், கருவிகளைப் பராமரிப்பவர் எல்லாக் கருவிகளின் தேதியையும் வருடத்தின் முதல் நாள், காலை ஒன்பது மணி என்று மாற்றிவைத்துவிடுவார். அவருக்குப் பெயர் கம்பி. கழுத்தில் எப்போதும் இரண்டு மூன்று ஒயர் தொங்கும். ஒரு வேலை சொன்னால் கம்பி நீட்டுவதிலும் கெட்டிக்காரர் என்பதால் அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது. ஆனால் தேதியை மட்டும் ஒரு நாள்கூட மறந்ததில்லை. ஆறு வருடங்களுக்கு முன் ஓர் ஆட்டம், தேதியைப் பார்த்துத் தேதிக்கு ஒரு காட்சியைக் காட்டியது. இரண்டு பரிசோதகர்கள் இரண்டு விதமாகப் பார்த்துவிட்டு, இரண்டு முத்திரை சொன்னார்கள். தயாரித்தவர்கள் வந்து சண்டை பிடித்தார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஆடினால் இந்த வம்பு வராது என்று ஒரு குறிப்பு எழுதி, கையெழுத்தும் போட்டு மேலே அனுப்பியவள் பன்னெண்டு. நியாயமான யோசனை என்று பாராட்டினார்கள். அதுவே விதியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் "விளக்கும் வழியும்" என்ற ஆட்டம் வந்தது. உள்ளங்கை அகலக் கருவியில் ஆடுவது. ஆடுகிறவரே கதைக்குள் ஓர் ஆளாகி ஊர் ஊராக நடக்க வேண்டும். துணைக்குக் குல்லா போட்ட ஒரு சின்ன உருவம், கையில் விளக்குடன் கூடவே வரும். வழியில் வரும் பூதங்களை அடித்தால் அவை சாவதில்லை, கொட்டாவி விட்டுத் தூங்கிவிடும். ஆட்டத்தை நிறுத்தும்போது குல்லா ஒரு மரப்பாலத்தில் போய் நின்றுகொள்ளும். மறுபடி திறந்தால் விளக்கை உயர்த்தி, "வந்துட்டியா, போலாமா" என்று கேட்கும். ஒன்பது நாள், நாற்பது மணி நேரம் பன்னெண்டு அதை ஆடினாள். தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. கடைசி நாள் மதியம் அவள் பச்சை முத்திரையை எடுத்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். தலைவர் கேக் வரவழைத்தார். பதினெட்டு வருடத்தில் அவள் குத்திய முதல் பச்சை அது. உள்ளூர அவளுக்கும் பெருமைதான், சொல்லவில்லை.

அடுத்த மாதம் அவள் வீட்டுக்கு வாலு வந்து சேர்ந்தாள். தங்கையின் மகள், எட்டு வயது. தங்கை கப்பலில் செவிலியாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கப்பல் ஒரு சுற்று முடித்து வர நாலு மாதம். வாலுவின் அப்பா அவளுக்கு இரண்டு வயதாகும்போதே வேறு குடித்தனம் தேடிப் போனவர். ஆக, ஒரு சூட்கேஸும் இரண்டு பைகளுமாகப் பிள்ளை பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். வாலு என்று சும்மா பெயர் வைக்கவில்லை. மூன்று வயதிலேயே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அம்மாவை வெளியே நிற்க வைத்தவள். ஆனால் வந்த நாளிலிருந்து வால் சுருண்டு கிடந்தது. சொன்னதைச் செய்தாள், வைத்ததைத் தின்றாள். அது சமர்த்து இல்லை என்று பெரியம்மாவுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

பிள்ளையின் முகம் மலரட்டும் என்று கடையில் நின்று அந்த ஆட்டத்தையும் கருவியையும் வாங்கிவந்தாள். வாலு அட்டையைத் திருப்பிப் பச்சை வட்டத்தைப் பார்த்தாள்.

"இது நீங்க போட்டதா பெரியம்மா?"

"நானே போட்டது."

"அப்ப இதுல பயமா ஒண்ணும் வராதுல்ல?"

"ஒண்ணும் வராது. நாப்பது மணி நேரம் பார்த்துட்டேன்."

முதல் இரண்டு வாரம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பன்னெண்டு எட்டிப் பார்க்கவில்லை. நாளெல்லாம் திரையைப் பார்த்துவிட்டு வருகிறவள் வீட்டிலும் திரையைப் பார்ப்பாளா. தவிர, அவள் பார்க்காதது அதில் என்ன இருக்கிறது?

பிறகு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் சுற்றுலா. கருவியைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பிவந்த வாலு செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அதைத் திறந்தாள். அடுப்படியிலிருந்து பார்த்தபோது பிள்ளையின் முகம் வெளுத்திருந்தது. "களைச்சுப் போயிட்டா" என்று நினைத்துக்கொண்டாள் பெரியம்மா.

அன்றிலிருந்து கருவி கையை விட்டு அகலவில்லை. சாப்பிடும்போது மடியில். குளிக்கும்போது வாளிக்குப் பக்கத்து முக்காலியில். மாலை ஆறு மணிக்கு அதிலிருந்து ஒரு சின்ன மணிச்சத்தம் வரும், டிங் என்று ஒரே ஒரு தடவை. எங்கே இருந்தாலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாலு ஓடுவாள். ஒரு நாள் வகுப்பாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போறா. பின்னாடி போய்ப் பார்த்தேன். விளையாடக்கூட இல்லங்க. திறக்கறா, ஏதோ சொல்றா, மூடறா. அவ்வளவுதான்."

பன்னெண்டுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக மற்ற வீட்டுப் பிள்ளைகளைக் காத்தவள் வீட்டிலேயே இப்படி ஒரு பழக்கமா என்று வெட்கமாகவும் இருந்தது. அன்று சாயங்காலமே கருவியை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை. படுக்கையறை அலமாரியைத் திறந்து, துணிகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினாள்.

"அம்மா வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். அம்மா வந்து அவ கையாலேயே எடுத்துக் குடுப்பா."

"அது காத்துட்டு இருக்கும் பெரியம்மா."

"பொம்மை என்னத்தைக் காத்திருக்கும். மூடினா அதுவும் தூங்கிடும். எப்ப திறந்தாலும் வந்துட்டியா, போலாமான்னுதான் கேக்கும். எனக்குத் தெரியாதா."

வாலு கொஞ்ச நேரம் பூட்டையே பார்த்தாள். "அம்மா வர எத்தனை நாள்?"

"பன்னெண்டு நாள்."

விரல் விட்டு எண்ணினாள். "பன்னெண்டா, பதிமூணா?"

"பன்னெண்டுதான்."

"கரெக்டாவா?"

"கரெக்டா."

"அப்ப சரி."

இவ்வளவு லேசாக முடியும் என்று பெரியம்மா எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஒரு கேள்வி தொடங்கியது. பல் தேய்த்துவிட்டு வந்ததும், "இன்னைக்கு எத்தனையாவது நாள் பெரியம்மா?" மூணு என்பாள், நாலு என்பாள். வாலு தலையாட்டிவிட்டுப் போவாள். கப்பலில் சிக்னல் கிடைக்கும் நாட்களில் தங்கை கூப்பிடுவாள். "உன் நாளைத்தான் எண்ணிட்டு இருக்கா," என்று அக்கா சிரிப்பாள். "பிள்ளை நல்லா இருக்கா. நீ கவலைப்படாதே." ஒவ்வொரு பேச்சும் இந்த வரியில்தான் முடியும். அந்தப் பக்கம் தங்கை பெருமூச்சு விடுவது கேட்கும்.

வாலு வீட்டுப்பாடம் எழுதும் இடமும் மாறியது. மேஜையை விட்டுவிட்டு அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து எழுதினாள். ஏழாம் நாள் பெரியம்மா வேலை முடிந்து வந்தபோது பிள்ளை சாவித் துவாரத்தில் வாயை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் அஞ்சு நாள்தான். கொஞ்சமா எரி." காலடிச் சத்தம் கேட்டதும் நகர்ந்து உட்கார்ந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள். பன்னெண்டு வாசலிலேயே நின்றாள். அம்மா ஏக்கம், தனக்குத்தானே தேறுதல் சொல்லிக்கொள்கிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கொஞ்சமா எரி என்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

ஆறு மணிக்கு டிங் என்ற சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, துணிகளுக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. எதிர்வீட்டு மைக்ரோவேவ் என்று பெரியம்மா எண்ணிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அது கேட்கவில்லை. வாலு ஆறேகால் வரை அலமாரிப் பக்கம் காதை வைத்து நின்றாள். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டாள்.

பதினோராம் நாள் தங்கை கூப்பிட்டாள். அவளுக்கு மாற்றாக வர வேண்டிய செவிலி துறைமுகத்துக்கு வந்து சேரவில்லை. இன்னும் பதினெட்டு நாள் ஆகும். பெரியம்மா பக்குவமாகத்தான் சொன்னாள். வாலு அழவில்லை.

"அப்ப அதைக் குடுங்க பெரியம்மா. ஒரே ஒரு தடவை. திறந்துட்டு உடனே மூடிடறேன்."

"அம்மா வரட்டும்னு பேசிக்கிட்டோம்ல?"

"விளையாட மாட்டேன்."

"பேச்சுன்னா பேச்சுதான் வாலு."

விதி விதிதான் அவளுக்கு. பதினெட்டு வருடப் பழக்கம். பன்னிரண்டாம் நாள் முழுக்கப் பிள்ளை அவள் பின்னாலேயே சுற்றினாள். இடுப்பில் சாவி அசையும்போதெல்லாம் அந்தக் கண்களும் அசைந்தன. கேட்கவில்லை, கூடவே மட்டும் வந்தாள். பதிமூன்றாம் நாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்து நேராகச் சாப்பிட உட்கார்ந்தாள்.

"இன்னைக்குக் கேக்கலையே?"

"எதை?"

"எத்தனையாவது நாள்னு."

"இனிமே எண்ண வேண்டாம் பெரியம்மா."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் பெரியம்மா நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் பேசினால் எப்படிக் கேட்குமோ அப்படி இருந்தது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போனவளுக்குக் கால் வரவில்லை. திரும்பி வந்தாள். அலமாரியைத் திறந்தாள். கருவியில் மின்சாரம் செத்துப்போயிருந்தது. சுவரில் செருகிவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் திரை வெளிச்சமானது. அவள் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் வந்தவை பெயர்கள். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பெயர் கேட்கும்: ஆடுகிறவர் பெயர் ஒன்று, குல்லாவின் பெயர் ஒன்று. அலுவலகத்தில் நேரத்தை வீணாக்காமல் அ, ஆ என்று அடித்துவிட்டுப் போவார்கள். இங்கே ஆடுகிறவர் பெயர் அம்மா என்று இருந்தது. பாலத்தில் நிற்பவள் பெயர் வாலு.

அடுத்து பாலம் வந்தது. இருட்டு. பலகையில் விளக்கு மட்டும் அணைந்து கிடந்தது. குல்லாவைக் காணோம். நாற்பது மணி நேரத்தில் அவள் ஒரு தடவைகூடப் பார்க்காத காட்சி. திரையின் அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அம்மா, பன்னெண்டு நாளைக்கு எண்ணெய் இருந்துச்சு. பன்னெண்டு நாளும் நின்னேன். இப்ப இருட்டாயிடுச்சு. நான் கிளம்பறேன். இனிமே நான் காத்துட்டு இல்ல. நீ மெதுவா வா. இப்படிக்கு, வாலு."

காலைதோறும் கேட்ட கேள்வி தங்கைக்காக இல்லை. கொஞ்சமா எரி என்றது புரிந்தது. பிள்ளை ஆடியது ஆட்டமே இல்லை. அம்மாவாக இருந்து பார்த்தாள், தன்னையே ஒரு பாலத்தில் நிற்க வைத்து, ஒரு நாள்கூடத் தவறாமல் வந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாவைப் பிடித்து அலமாரியில் பூட்டியது யார்? பன்னெண்டு தரையில் உட்கார்ந்தபடி வாய்விட்டு அழுதாள். அழுது முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. இதை நான் ஏன் பார்க்கவில்லை?

விடை அலுவலகத்து மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. தினமும் முதல் தேதி, காலை ஒன்பது மணி. ஆட்டத்தைப் பொறுத்தவரை அந்த அறையில் ஒரு நாள்கூடக் கழியவே இல்லை.

கம்பி சோதனைக் கருவியை எடுத்துவைத்து, அவள் சொல்லச் சொல்லத் தேதியை ஒவ்வொரு நாளாக முன்னே தள்ளினார். இரண்டாம் நாள், "நேத்து வரலையே. பரவாயில்ல. எண்ணெய் பன்னெண்டு நாளைக்கு இருக்கு." ஐந்தாம் நாள், "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" ஒன்பதாம் நாள், "யாரோ வர்ற சத்தம் கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பார்த்தேன். நீ இல்ல." கம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எங்கே கம்பி நீட்டிவிடுவாரோ என்று பார்த்தால், நீட்டவில்லை.

"இதை எதுக்கு வச்சிருக்காங்க அக்கா?"

"பிள்ளைங்க தினமும் திறக்கணும்ல. அதுக்குத்தான்."

பன்னிரண்டாம் நாள், "இன்னைக்கு வந்துடுவேல்ல?" என்று கேட்டது. அதற்கு மேல் போக வேண்டாம் என்றாள்.

"வீட்ல இருக்கறதைச் சரி பண்ண முடியுமா கம்பி?"

"திறந்துட்டீங்களா?"

"திறந்துட்டேன்."

"திறக்கறதுக்கு முன்னாடி தேதியைப் பின்னாடி தள்ளியிருந்தா அங்கேயே நின்னிருக்கும். இப்ப போயிடுச்சுன்னு எழுதிக்கிச்சு. இனி வராது அக்கா."

ஆறு வருடமாகத் தினமும் காலையில் இந்த அறையில் நடக்கிற காரியம். அது தெரிந்த இரண்டு மூன்று பேரில் அவள் ஒருத்தி. தன் வீட்டில், தன் பிள்ளைக்கு என்று வந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தாளை எடுத்து மறுபடி பதினோரு கேள்விகளையும் படித்தாள். ரத்தம், இல்லை. உடல், இல்லை. வசைச்சொல், இல்லை. இன்றைக்குப் பார்த்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிரப்பினாலும் பதினோரு இல்லைதான் வரும். பச்சைதான் வரும். அவள் தாளைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் எழுதத் தொடங்கினாள். மூன்று பக்கம் வந்தது.

தலைவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "முத்திரையை மாத்தறது பெரிய விஷயமில்ல. நாளைக்கே மஞ்சள் போட்டுடலாம். ஆனா இந்தத் தேதிக் கதையை எதுக்கு எழுதறீங்க? ஆறு வருஷத்துல முந்நூத்திச் சொச்சம் ஆட்டம் போயிருக்கு. அத்தனையும் கிளறணும்."

"கிளறித்தான் ஆகணும் சார். வேற எதுல எது நின்னுட்டு இருக்கோ, நமக்குத் தெரியாது."

"அந்த விதியைக் கொண்டுவந்ததே நீங்கதான்."

"அதையும் எழுதியிருக்கேன். ரெண்டாம் பக்கம்."

ஒரு வாரத்தில் கடைகளில் அட்டை மாறியது. அவளை நாற்காலியிலிருந்து எழுப்பி, பழைய கோப்புகள் இருக்கும் அறையில் போட்டார்கள், விசாரணை முடியும் வரை. அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வீட்டில் இருந்தது.

கருவியைத் திறந்த அன்று சாயங்காலமே வாலுவை எதிரில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். கருவியை இருவருக்கும் நடுவில் வைத்திருந்தாள்.

"வாலு, இதுல பயமா ஒண்ணும் வராதுன்னு சொன்னேன்ல. தப்பு. நான் சரியாப் பார்க்கல. அது காத்துட்டு இருக்கும்னு நீ சொன்னப்பவும் கேக்கல. அதுவும் தப்பு."

வாலு கருவியைத் தொடவில்லை. "போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"போறப்ப அழுதுச்சா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. "இல்ல. அழல. இனிமே காத்துட்டு இல்ல, நீ மெதுவா வான்னு எழுதி வச்சிட்டுப் போச்சு."

"நீ மெதுவா வா," என்று வாலு மெல்லச் சொல்லிப் பார்த்தாள், பாடத்தில் புதிதாக வந்த சொல்லைச் சொல்லிப் பார்ப்பது போல.

"முதல்லேருந்து தொடங்கினா இன்னொண்ணு வரும்டா. அதே குல்லா, அதே விளக்கு."

"அது வேற வாலு பெரியம்மா."

அதற்குப் பிறகு பிள்ளை எதையும் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். வீட்டுப்பாடத்தை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். ஆசிரியை, "இப்ப எவ்வளவோ தேவலை" என்று சொல்லியனுப்பினார். பார்க்கிறவர்கள் யாரும் பச்சை முத்திரைதான் குத்துவார்கள். பெரியம்மாவால் மட்டும் அதைக் குத்த முடியவில்லை. கருவியை அணைத்து, மின்சாரம் இல்லாமல் பரணில் போட்டிருந்தாள். ஆனாலும் மாலை ஆறு மணிக்கு டிங் என்று அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. எங்கிருந்து என்று தேடுவாள். அடுப்படியில் இல்லை, எதிர்வீட்டிலும் இல்லை. வாலுவைத் திரும்பிப் பார்த்தால் அந்தப் பிள்ளை தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள். சிக்னல் நன்றாக இருந்தது. முகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. வாலு போனை மேஜையில் சாய்த்துவைத்துவிட்டு வண்ணம் தீட்டிக்கொண்டே பேசினாள்.

"அம்மா சீக்கிரமா வந்துடுவேன்டா தங்கம்."

"அவசரமில்லம்மா. நீ மெதுவா வா. நான் காத்துட்டு இல்ல."

தங்கை ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள், நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய சிரிப்பு. "பாரேன் அக்கா, எவ்வளவு பெரிய மனுஷி ஆயிட்டா. நான்தான் தினமும் இங்க உருகிட்டு இருக்கேன். நல்லாத்தானே இருக்கா?"

பிள்ளை நல்லா இருக்கா, நீ கவலைப்படாதே. நாக்கு நுனி வரை வந்தது. நாலு மாதமாக அவள் குத்திக்கொண்டிருந்த முத்திரை அது, எதையும் பார்க்காமல். பன்னெண்டு போனைக் கையில் எடுத்தாள்.

"இல்ல. நல்லா இல்ல."

"என்னக்கா?"

"பிள்ளை நல்லா இல்ல. உனக்காகக் காத்துக் காத்து விட்டுட்டா. நான் பார்த்துட்டே இருந்தேன், எனக்குத் தெரியல. மாத்து ஆள் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அடுத்த துறைமுகத்துல இறங்கி வந்துடு."

தங்கை தன் வெள்ளைச் சீருடையின் கைப்பகுதியால் கண்ணைத் துடைத்தாள். "நாலு நாள்ல ஒரு துறைமுகம் வருது," என்றாள். "இறங்கிடறேன்."

வாலு தலையைத் தூக்கவில்லை. நீலப் பென்சில் மட்டும் தாளில் நின்றது.

"நாலா, அஞ்சா?" என்றாள்.

பெரியம்மா போனை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். "கேக்கறா பாரு," என்றாள் தங்கையிடம். "நல்லாப் பார்த்துட்டுச் சொல்லு."